அசையாத தண்ணீர்

என் அக்காவின் கணவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரைக்கும்தான் போவார். அங்கிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி தெருமுனை, மறுபடி பூட்டு. மூன்றாவது தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் முகம் தெளியும். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த அக்கா, வீட்டுக்குள் ஏதோ புதையல் இருக்கிறது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாளாம். உள்ளே இருந்தது ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் நாலு பாத்திரமும்.

நாங்கள் வேலை பார்க்கும் பொழுதுபோக்குப் பூங்காவில் அவருக்கு ‘மூணு தடவை’ என்று பெயர். ‘மூணு தடவை வந்துட்டாரா?’ என்று காவலாளி முகத்துக்கு நேராகவே கேட்பான். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். வந்துவிட்டேன் என்று தலையாட்டிவிட்டு, தான் வந்த சைக்கிளின் பூட்டைப் பார்க்கத் திரும்பிப் போவார்.

பயந்த மனிதரைக் கண்டால் காரணம் தேடுவது எல்லாருக்கும் பிடித்த வேலை. சின்ன வயதில் எதையோ பார்த்திருப்பார், எங்கேயோ அடிபட்டிருப்பார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பதினாறு வருஷமாக அவரைப் பார்க்கிறேன். ஒரு காரணமும் கிடையாது. சிலருக்குச் சுருட்டை முடி, இவருக்குச் சந்தேகம். அவ்வளவுதான்.

முன்பு ஒரு ஆஸ்பத்திரியில், துணி துவைக்கும் பகுதியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு இந்தக் குணம் பொருத்தம். பாய்லர் ஒரே இடத்தில் நிற்கும், இவர் அதைச் சுற்றிச் சுற்றி வருவார், யாருக்கும் தொந்தரவில்லை. பூங்காவில் நீராவி ரயில் விட்டபோது பாய்லர் லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டுமென்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இந்தப் பாய்லர் நகரும். பின்னால் அறுபது பேரை வேறு இழுத்துக்கொண்டு போகும். மாமாவின் தூக்கம் அன்றைக்குப் போனதுதான்.

தண்டவாளம் இரண்டடி அகலம். எஞ்சின் என் தோள் உயரம். ஓட்டுவதும் கரி போடுவதும் மாமா ஒருவரே. ஐந்து பெட்டிகள், கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியும் விசிலும் கைப்பிரேக் சக்கரமுமாக நான். கார்டு வேலை. இதை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் மாமாதான். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிஷம். குளத்தைச் சுற்றி, ஒரு மேட்டில் ஏறி, மேட்டின் உச்சியில் சிமெண்டால் கட்டிய மலைக்குள் நுழைந்து, மறுபக்கம் சரிவில் இறங்கினால் ஸ்டேஷன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதற்காக ஓட்டுநரின் முகத்துக்கு நேரே விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். கேஜ் என்போம். மேலே ஒரு வால்வு, அடியில் ஒரு வால்வு, இரண்டும் பாய்லருக்குள் போகும். உள்ளே எந்த மட்டமோ குழாயிலும் அதே மட்டம். தண்ணீர் குறைந்து, நெருப்புக்கு மேலே இருக்கும் தகடு காய்ந்துவிட்டால் தகடு பழுத்து இளகும். பிறகு பாய்லர் வெடிக்கும். அதனால் காலையில் வண்டி எடுக்கும் முன் கேஜைச் சோதிக்க வேண்டும். முதலில் அடி வால்வை மூடி, குழாயின் வடிகாலைத் திறந்து, ஆவி வருகிறதா பார்க்க வேண்டும். அப்புறம் மேல் வால்வை மூடி, அடி வால்வைத் திறந்து, தண்ணீர் வருகிறதா பார்க்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும். மாமா மூன்று தடவை செய்வார். பெரிய எஞ்சின்களுக்கு இரண்டு கேஜ் உண்டாம். எங்கள் குட்டி எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. ‘சோதனையின்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது’ என்று ஷெட் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது. எழுதச் சொல்லி மேனேஜரின் உயிரை எடுத்தது யாரென்று சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் மாமா வண்டியை நடுவழியில் மூன்று தடவை நிறுத்தினார். முதல் தடவை, அடியில் ஏதோ தட்டுகிறது என்று. இறங்கித் தேடினால் மூன்றாம் பெட்டியில் ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. இரண்டாம் தடவை, தீய்ந்த வாசனை வருகிறது என்று. சோளப்பொரிக் கடைக்காரர் அடுப்பை மறந்துவிட்டிருந்தார். மூன்றாம் தடவை, தண்டவாளத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று பிரேக் போட்டார். அது கரடி பொம்மை பலூன். அதைப் பார்த்து நானே சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. பலூனைக் கையில் எடுத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அதற்குப் பிறகு மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினால் எஞ்சினிலிருந்து இறக்கி, மோதி விளையாடும் டாஷிங் கார் கேட்டில் நிறுத்திவிடுவோம் என்று நாலே வரி. அன்று ராத்திரி மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

“கேட்டுல நின்னா என்ன இப்போ? நிழல்ல நிக்கலாம். சட்டை கருப்பாகாது” என்றாள் அக்கா.

“நான் நிக்கறது பிரச்னை இல்ல. எஞ்சினை யாருகிட்ட கொடுப்பாங்க? பயமே இல்லாத ஒருத்தன்கிட்ட கொடுத்துட்டா?”

“நீங்க ஒருத்தர்தான் உலகத்தைத் தாங்கிட்டிருக்கீங்களா?”

“உலகம் இல்ல. அறுபது பேரு.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேரம் பேசினாள். இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் தேவையில்லாமல் வண்டியை நிறுத்துவதும் தானாகக் குறையும் என்பது அவள் கணக்கு. இனிமேல் எதையும் ஒரு தடவைதான் பார்க்க வேண்டும் என்றாள். மாமா இரண்டரை என்றார். இரண்டில் முடிந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள். “ஏய், நீதான் கூட இருக்கே. மூணாவது தடவைன்னு கை போனா பிடிச்சு இழு.”

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அவரைத் திருத்தும் பொறுப்பு என்றதும் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

அதற்கு மறுநாள், விடுமுறை தொடங்கிய முதல் நாள். கேட் திறக்கும் முன்பே வெளியே கூட்டம். ஷெட்டில் மாமா கேஜைச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் எஞ்சின் படியில் ஒரு காலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. அவர் கை மறுபடி அடி வால்வுக்குப் போனது.

“மாமா, ரெண்டு ஆச்சு.”

“இல்லம்மா, இது வந்து…”

“ஒண்ணும் பேசாதீங்க. அக்காகிட்ட என்ன சொன்னீங்க?”

“இரு, ஒரு நிமிஷம். இதை மட்டும்…”

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சிரித்துக்கொண்டே இழுத்தேன். அதே நேரம் ஸ்டேஷன் மைக்கில் ‘ரயில் எங்கே, ரயில் எங்கே’ என்று மேனேஜரின் குரல். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுப்பப்பட்ட பிள்ளையின் முகத்தோடு மாமா ஆவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் தொட்டார். வண்டி நகர்ந்தது. அடி வால்வு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. எட்டு வருஷம் அந்த எஞ்சினோடு இருந்தவள், பிடியைப் பார்த்தால் எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் அந்தச் சிவப்பு எழுத்துப் பலகையும் இருந்தது.

அது மூடியிருந்தது. மூன்றாவது சோதனையின் முதல் வேலையைச் செய்துவிட்டு, மீதியைச் செய்ய விடாமல் நான் அவரை இழுத்துவிட்டேன். குழாயில் முக்கால் மட்டத்துக்கு நின்ற தண்ணீர் அப்படியே அடைபட்டு நின்றது. பாய்லர் எவ்வளவு குடித்தாலும் அது இனி இறங்காது.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றும் முடிந்தது. கேஜில் தண்ணீர் நிறைய இருந்ததால் மாமா பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றவில்லை. அவர் கவனிக்காமல் இல்லை. பிற்பாடு அவரே சொன்னார். வண்டி ஓடும்போது கேஜில் தண்ணீர் குதித்துக்கொண்டே இருக்கும், அன்றைக்கு அது சும்மா நின்றது. முதல் சுற்றிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் முந்தின ராத்திரிதானே சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். ‘ஆரம்பிச்சுட்டேடா, சும்மா இரு’ என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஓட்டினாராம். அவரை அதட்ட நாங்கள் பழகியிருந்தோம், அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.

மூன்றாம் சுற்றில் மேடு ஏற ஆரம்பித்தோம். ஏற்றத்தில் பாய்லர் தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து வரும், கேஜில் மட்டம் உயர வேண்டும். உயரவில்லை. மாமா வடிகாலைத் திறந்தார். குழாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் வெளியே போனது. திரும்பி வரவில்லை. அப்போதுதான் அடி வால்வின் பிடி குறுக்கே கிடந்ததைப் பார்த்தார். திறந்தார். கேஜின் அடிமட்டத்தில்கூட ஒரு சொட்டு ஏறவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எஞ்சின் பக்கமாகப் புஸ்ஸென்று வெள்ளை ஆவி வந்ததைப் பார்த்தேன். பிறகு மூன்று குட்டை ஊதல். ‘கார்டு, பிரேக்கைப் பிடி’ என்று அர்த்தம். மேட்டில் எஞ்சின் பிரேக் மட்டும் வண்டியைத் தாங்காது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘ஆரம்பிச்சுட்டாரு’ என்று நினைத்தேன். விடுமுறை முதல் நாள், வண்டி நிறைய ஆள், வேலை போச்சு, இன்றைக்கு எந்தப் பலூனைப் பார்த்தாரோ என்று சலித்துக்கொண்டேன். அந்தச் சலிப்புக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது. அதற்குள் வண்டி பின்னோக்கி நகர்ந்தது. ஐந்து பெட்டியும் அறுபது பேரும் என் முதுகுப் பக்கமாகச் சரிவில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு கஜ தூரம் போயிருக்கும். நின்றது.

முன்னால் மாமா நெருப்புப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து விட்டார். கனிந்த கரி மொத்தமும் தண்டவாளத்துக்கு நடுவே பொலபொலவென்று கொட்டியது. குழந்தைகள் கைதட்டினார்கள். ரயிலோடு சேர்ந்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். “இது எல்லா சுத்துலயும் உண்டா?” என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டாள்.

எஞ்சினிடம் ஓடினேன். மாமாவின் முகம் சாம்பலாக இருந்தது, ஆனால் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

“சின்னவளே, எல்லாரையும் இறக்கி ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போ. ஓட விடாத. நீயும் திரும்பிப் பாக்காத.”

“என்னாச்சு மாமா?”

“தண்ணி இல்ல. இப்ப தண்ணி விட்டா அதுவே வெடிக்க வெச்சுடும். பிரஷர் தானா இறங்கணும்.”

“நீங்களும் வாங்க.”

“யாராவது பக்கத்துல வந்துட்டாங்கன்னா? நான் இங்கதான் இருப்பேன். போம்மா.”

அறுபது பேரையும் வரிசையாக நிறுத்தி, எண்ணி, குளக்கரை ஓரமாக நடத்திக்கொண்டு போனேன். முன்னூறு அடி இருக்கும். என் முதுகு முழுக்கக் காதாகிவிட்டது. இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று ஒவ்வொரு அடிக்கும் எதிர்பார்த்தேன். ஒரு சின்னப் பெண், “டிரைவர் தாத்தா வரலையா?” என்று கேட்டாள். வருவார் என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்பது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்தது அந்த நடையில்தான் ஞாபகம் வந்தது.

ஒன்றும் வெடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மாமா அந்த எஞ்சினுக்குப் பத்தடி தள்ளி, வருகிறவர்களை விரட்டிக்கொண்டு தனியாக நின்றிருந்தார்.

சாயங்காலம் மேனேஜர் அறை. மேஜை, மூன்று நாற்காலி, உறுமிக்கொண்டிருந்த ஒரு மின்விசிறி. மேனேஜர் மோசமான ஆள் இல்லை.

“நிறுத்தினது சரி. அதுக்கு நான் நன்றிதான் சொல்லணும். இதைக் காரணமில்லாம நிறுத்தினதுல சேர்க்க மாட்டேன். ஆனா அடி வால்வு எப்படி மூடியிருந்தது?”

“நான்தான் மூடினேன் சார். திறக்கலை.”

“ஏன்?”

“விட்டுப்போச்சு.”

“எதையும் மூணு தடவை பாக்கற ஆளு நீங்க. உங்களுக்கா விட்டுப்போச்சு?”

மாமா என் பக்கம் திரும்பவில்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். மறதி உள்ளவரிடம் பாய்லரை விட முடியாது, நாளையிலிருந்து டாஷிங் கார் என்றார். மாமா தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். தன்னைப் பற்றித் தானே வருஷக்கணக்காகப் படும் சந்தேகத்தை இன்னொருவர் எழுத்தில் தருகிறார், அவ்வளவுதான்.

நான் உடனே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பலகையில் எழுதியிருப்பதை மீறியவள் நான். என் வேலை, என் வீட்டு வாடகை, என் பெண்ணின் படிப்பு எல்லாம் வரிசையாக வந்து வாயை அடைத்தன. கை விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா எழுந்து கதவு வரை போனார். திரும்பி வந்தார்.

“சார், புதுசா வர்றவர்கிட்ட சொல்லுங்க. குளத்துக்கு அந்தப் பக்க வளைவுல தண்டவாளம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு. மெதுவா போகணும்.”

“சொல்றேன்.”

கதவு வரை போனார். திரும்பி வந்தார்.

“மழை வந்தா மணல் பெட்டியை மூடி வைக்கணும். நனைஞ்ச மணல் தண்டவாளத்துல விழாது, சக்கரம் வழுக்கும்.”

“சரி, சொல்றேன்.”

வெளியே போயே விட்டார். மேனேஜர் தாளில் எழுத ஆரம்பித்தார். கதவு மறுபடி திறந்தது. மூன்றாவது தடவை.

“கார்டை மட்டும் மாத்திடாதீங்க சார். சின்னவளே இருக்கட்டும். மேட்டுல பிரேக்கை நல்லா பிடிப்பா. இன்னிக்கு அவ பிடிக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அந்த ஒரு மூச்சு நேரம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? வண்டி பின்னால் நழுவியதை எஞ்சினில் நின்றவர் உணராமலா இருந்திருப்பார்?

“சார், அவருக்கு விட்டுப்போகலை. மூணாவது தடவை பாத்துட்டிருந்தாரு. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன். ஒரு நிமிஷம்னு கேட்டாரு. நான் விடலை. மேட்டுல பிரேக்கையும் லேட்டாத்தான் பிடிச்சேன்.”

மாமா, “ஏம்மா இதெல்லாம்” என்றார், அவ்வளவு மெதுவாக. மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிய தாளைக் கிழித்தார்.

மறுநாள் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே கம்பி விட்டு அளந்தார். தகட்டுக்கு மேலே ஒரு விரல்கடை தண்ணீர் மிச்சம் இருந்தது. மேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியிருந்தால் அந்த ஒரு விரலும் முன்பக்கம் ஓடியிருக்கும், மலைக்குள்ளேயே முடிந்திருக்கும் என்றார். மாமா எஞ்சினிலேயே இருக்கிறார். டாஷிங் கார் கேட்டில் நான் நிற்கிறேன். நியாயம்தான், எனக்குக் கோபமில்லை. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “நான் சொல்லித்தானே செஞ்சே” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் அவர் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது அவள் வாசலில் நின்று காத்திருக்கிறாள்.

எஞ்சினைத் திரும்ப ஓட விட்ட முதல் நாள் காலையில், கேட்டுக்குப் போகும் முன் ஷெட் பக்கம் போனேன். பலகைக்கு அடியில் நின்றேன். மாமா சோதித்துக்கொண்டிருந்தார். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. கையை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். போதுமா என்று கேட்கிற பார்வை. ஐம்பத்து நாலு வயது மனிதர், தன் எஞ்சினைத் தொட என்னிடம் அனுமதி கேட்டார்.

பேசக் கூடாது என்று பலகை சொல்கிறது. நான் மூன்று விரலைக் காட்டினேன்.

மாமா அடி வால்வை மூடினார். வடிகாலைத் திறந்தார், ஆவி சீறியது. ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்தார். கடைசியில் தண்ணீர் குழாயில் துள்ளி ஏறி, ஆடி, நின்றது. பிடி நேராக இருப்பதை நானும் பார்த்தேன். அப்புறம் டாஷிங் கார் பக்கம் நடந்தேன். பாதி வழி போயிருப்பேன். திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தேன்.